கிண்ணியா வெளிக்கு மழை சொன்ன வருடம்

1. அரை மணித்தியாலம்

1997ஆம் ஆண்டு செப்டெம்பர் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. வெப்பநிலை 29.4 பாகை. காற்று தென்மேற்கிலிருந்து பதினொரு நொட். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்தால் இரண்டு பங்கில் முகில். மழைமானியில் ஒன்றுமில்லை. அதில் தண்ணீர் விழுந்து முப்பத்தொரு நாளாகியிருந்தது.

இந்த வாசிப்பை முன்பெல்லாம் எட்டரைக்கு எடுப்போம். முந்தைய வருடம் நாட்டின் கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னால் தள்ளிவிட்டார்கள். உலகமெங்கும் ஒரே கணத்தில் வாசிக்க வேண்டும் என்பதால் எங்களுக்கு அது ஒன்பதாகிவிட்டது. எனக்கு அல்சர். காலைச் சாப்பாடும் அரை மணி பிந்தியதில் வயிறு அந்த வருடம் முழுவதும் எரிந்தது.

திருகோணமலையில் வானிலை அவதானிப்பாளராக அது எனக்கு இருபத்திரண்டாவது வருடம். நான் வாசிப்பை எழுதிவிட்டுத் திரும்பும்போது, அண்ணன் முறையில் எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் அசன் கேற்றடியில் நின்றார். கிண்ணியாவில் ஒரு வயல் வெளிக்கு அவர் வட்டவிதானை. வெளியில் எப்போது விதைப்பது, மாடுகளை எப்போது வெளியேற்றுவது, வேலியை யார் அடைப்பது என்று பார்க்கவென விவசாயிகளே தெரிவு செய்யும் ஆள். எங்கள் அலுவலகத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மழைக் கந்தோர்.

"ஐயா, வியாழக்கிழமை எங்கட வெளிக்குக் கூட்டம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"நான் வந்து என்ன செய்யிறது காக்கா?"

"மழை எப்பிடி எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. ரெண்டு போகம் போயிட்டு. ஒண்டு சண்டையில, ஒண்டு வெள்ளத்துல. எட்டு மூட விதை நெல்லு கிடக்கு. இதுவும் போனா காணிய வித்துப்போட்டு மருமகன்ட கடையில சாமான் நிறுக்கிறதுதான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கேற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

2. மேலதிகாரி கேட்ட கேள்வி

அந்த வருடம் பசுபிக் சமுத்திரம் வழமைக்கு மாறாகச் சூடாகியிருந்தது. அது எங்கேயோ கிடக்கும் கடல்தான். ஆனால் அது சூடானால் எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டும். தை மாதம் வானம் கையை விரிக்கும். என் சேவைக்காலத்திலேயே இதை மூன்று தடவை பார்த்திருந்தேன். எனக்கு முன்பிருந்தவர்களின் பதிவுகளும் பெரும்பாலும் அதையே சொல்லின.

கிண்ணியாவில் அந்த வெளிக்குக் குளத்து நீர் கிடையாது. மழையை நம்பித்தான் வேளாண்மை. வழக்கமாக ஐப்பசி மழையில் நிலத்தை நனையவிட்டு, உழுது, கார்த்திகையில் நான்கு மாத நெல் விதைப்பார்கள். இந்த வருடம் அப்படிச் செய்தால் கார்த்திகையில் வயலுக்குள் இறங்க முடியாமல் வெள்ளம் நிற்கும். வெள்ளம் வடிந்த பிறகு விதைத்தால் தையில் இளம் பயிராகவே கருகும். தப்ப ஒரு வழிதான் இருந்தது. செப்டெம்பரிலேயே காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு. அதுவும் மூன்றரை மாத நெல்.

கொழும்பிலிருந்த என் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்து, இதைக் கூட்டத்தில் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பசுபிக் அறிக்கைகளை எனக்கு அனுப்பி, அவற்றை வாசிக்கப் பழக்கியவரும் அவர்தான்.

"ஐசே, மூன்று நாளைக்கு மேற்பட்ட மழையைப் பற்றி நீர் வாய் திறக்கக் கூடாது. சுற்றுநிருபம் இருக்கு."

"சேர், விதைச்சு முடிஞ்ச பிறகு சொல்லி என்ன பிரயோசனம்?"

"உமக்கு நூற்றுக்கு நூறு தெரியுமோ?"

"இல்லை சேர். பத்துக்கு ஏழு."

"மிச்ச மூன்றுக்கு ஆர் பதில் சொல்றது? நீரோ, நானோ?"

நியாயமான கேள்வி. அன்றிரவு முழுவதும் அதுதான் நெஞ்சில் கிடந்தது. அவர் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் போனேன்.

3. கூட்டம்

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு சோதனைச் சாவடிகள். இரண்டிலும் குடையை விரித்துக் காட்டச் சொன்னார்கள். வெயிலில் குடை எதற்கு என்றும் கேட்டார்கள். மழைக் கந்தோரில் வேலை என்றேன். சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கூட்டம் பத்து மணிக்கு. நான் பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கூட்டத்தை நடத்தும் விவசாய அதிகாரியும் வந்துவிட்டார். பள்ளிக்கூட மண்டபத்தில் வேறு ஒருவரும் இல்லை. வயல்காரர் இன்னும் பழைய நேரத்தில்தான் நடந்தார்கள். பத்தரைக்கு அறுபத்து நான்கு பேர் ஒன்றாக வந்து இறங்கினார்கள்.

அன்று தீர்மானிக்கும் திகதிக்கு வழக்கத்தைவிடக் கனம் அதிகம். வயல் வெளி இராணுவத்தின் கடைசிக் காவலரணுக்கு அப்பால் கிடந்தது. கூட்டம் எழுதிக்கொடுக்கும் திகதிகளுக்குத்தான் விதைக்க வெளிக்குள் போகப் பாஸ் கிடைக்கும். போகத்துக்கு ஒரு தடவைதான் பாஸ். பிறகு மாற்ற ஏலாது.

அசன் காக்கா எழுந்து புழுதி விதைப்பைப் பற்றிச் சொன்னார். மண்டபம் இரைந்தது. மாடு வைத்திருக்கும் சலீம் கதிரையில் ஏறி நின்றார்.

"செப்டெம்பர்ல விதைச்சா எங்கட மாடெல்லாம் எங்க போற? கடலுக்கா? மழைக் கந்தோர் ஐயா நீச்சல் பழக்குவாரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதிகாரி என்னைப் பார்த்தார். "சேர், மழை வரும் எண்டு நீங்கள் உறுதியாச் சொல்றீங்களோ?"

"உறுதி எண்டு சொல்லேலாது. பத்துப் பங்கில ஏழு பங்கு வரும்."

"அதென்ன ஏழு பங்கு?" என்றார் ஒருவர். "மழை வரும், இல்லாட்டி வராது. ரெண்டு பங்குதானே?"

அந்த இடத்தில்தான் என் இருபத்திரண்டு வருடப் படிப்பு உதவாமல் போயிருக்க வேண்டியது. ஆனால் அந்த மண்டபத்தில் பாதிப் பேர் விதைப்பு இல்லாத காலத்தில் கரைவலை இழுக்கிறவர்கள். மீனைப் பங்கு போட்டு வாங்குகிறவர்கள்.

"கரைவலையைப் பத்து நாள் வளைக்கிறீங்கள்," என்றேன். "ஏழு நாள் மீன் விழும், மூண்டு நாள் வெறும் வலை வரும் எண்டு தெரிஞ்சா வலையைத் தூக்கி வீட்ட வைப்பீங்களோ?"

"வைக்கமாட்டம்."

"அந்த மூண்டு நாள் எது எண்டு முதலே தெரியுமோ?"

"அது அல்லாவுக்குத்தான் தெரியும்."

"எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அதனால எல்லா நெல்லையும் புழுதிக்குள்ள போடாதீங்கள். பத்து மூடை இருந்தா ஏழைப் போடுங்கள். மூண்டை வீட்டில வையுங்கள். நான் சொன்னது பிழைச்சா அந்த மூண்டு அடுத்த போகத்துக்குக் கை கொடுக்கும்."

பிறகு சலீம் கதிரையிலிருந்து இறங்கினார். "இந்த ஐயா பிழைச்சாலும் தப்பிற மாதிரித்தான் கதைக்கிறார். கெட்டிக்காரன்."

கை உயர்த்தச் சொன்னார்கள். நான் எண்ணினேன். முப்பத்தேழு. செப்டெம்பர் 20இல் மாடு வெளியேற்றம், 22இலிருந்து 27வரை விதைப்பு. பாஸும் அந்தத் திகதிகளுக்கே எழுதப்பட்டது. வெளி முழுவதற்கும் ஒரே தீர்மானம் என்பதால் கை உயர்த்தாத இருபத்தேழு பேரும் விதைக்க வேண்டியதாயிற்று. எனக்கு அதுதான் பெரிய பயம். காவலரணுக்கு இப்பால், பாஸ் தேவைப்படாத அடுத்த வெளிக்காரர் வழக்கப்படி கார்த்திகை என்றே முடிவு செய்தார்கள்.

4. 3.2 மில்லிமீற்றர்

விதைப்பு முடிந்த மறுநாள் ஒரு தூறல். 3.2 மில்லிமீற்றர். புழுதி விதைப்புக்கு மழையே இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை. நெல் மண்ணுக்குள் தூங்கும். இப்படி நக்கிவிட்டுப் போகும் தூறல்தான் கேடு. நெல் முளை கட்டும். பிறகு காய்ந்து சாகும்.

அசன் காக்கா அடுத்த நாள் மாலையே வந்துவிட்டார். கையில், காவலரணில் கெஞ்சிப் போய் அள்ளிய ஒரு பிடி மண். அதற்குள் நெல்.

"ஐயா, பாருங்க. மூக்கு வெள்ளயா நிக்கி."

"முளை இன்னும் வெடிக்கேல்லை காக்கா."

"இன்னும் எத்தின நாள் தாங்கும் எண்டு நினைக்கிறீங்க?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "என்ட வயலுக்கு நான்தான் கை தூக்கின. உங்கட கைய ஆரும் எண்ணல்ல," என்றார். அதற்குப் பிறகு மழைமானியின் வாயில் இலை கிலை விழுந்து அடைத்திருக்குமோ என்று நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்தேன். மனைவி சொன்னா: "மழை வந்தா கூரையில சத்தம் கேக்கும். அதுக்கு ஏன் வாளியை எட்டிப் பாக்கிறீங்கள்?"

ஒக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு பத்து. மேற்கே சீனக்குடாப் பக்கம் கறுத்தது. காற்று திடீரென்று திரும்பியது. கூரையில் சத்தம் கேட்டது. மறுநாள் காலை ஒன்பதுக்கு அளந்தபோது 46.8 மில்லிமீற்றர். நான் அளக்கும் கிளாஸை இரண்டு தடவை நிரப்பி ஊற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் தடவையும் சந்தோசத்துக்காக வெறுமனே கவிழ்த்துப் பார்த்தேன்.

அதன்பின் மழை நிற்கவில்லை. கார்த்திகையில் வெள்ளம் வந்தபோது அசன் காக்காவின் வெளியில் பயிர் முழங்காலளவு. தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த வெளி கடல் மாதிரிக் கிடந்தது. அவர்கள் மார்கழி நடுவில்தான் விதைத்தார்கள். தை பிறந்ததும் மழை அறுந்தது. எங்கள் வெளிக்கு அது அறுவடை வெயில். அவர்களுக்கு அதுவே கேடு. அதைக் கண்ணால் பார்த்தேன், அதனால் முழுதாகச் சந்தோசப்பட முடியவில்லை.

ஆனால் சந்தோசப்பட்டேன். பொய் சொல்லக் கூடாது. அசன் காக்கா ஏக்கருக்கு நாற்பத்திரண்டு மூடை எடுத்தார். காணியை விற்கும் கதை அதோடு நின்றது. சலீம் எருமைத் தயிர் இரண்டு சட்டி கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஐயா, மாடு நீந்தப் பழகிட்டு. அடுத்த வருசம் எங்க விடுற எண்டும் நீங்கதான் சொல்லணும்."

மீனவர் சங்கத்திலிருந்தும் நாலு பேர் வந்தார்கள். கடலுக்கும் மூன்று மாதக் கதை வேண்டுமாம். கடற்படை பாஸை அதற்கேற்ப முதலே எடுக்கலாமாம். "கடலுக்கு என்னட்டை மூண்டு நாள் கதைதான் இருக்கு," என்றேன். அதையாவது தாருங்கள் என்றார்கள். அன்றிலிருந்து காற்று, அலை விபரம் ஒவ்வொரு நாளும் பாதைத் துறையில் எழுதித் தொங்கியது.

5. விளக்கம்

பெப்ரவரியில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் கூட்டத்துக்குப் போனீரா, மழை சொன்னீரா என்று நான்கு கேள்வி, நான்குக்கும் ஓம் என்று பதில் எழுதினேன். மார்ச்சில் மேலதிகாரி தொலைபேசியில் வந்தார்.

"ஐசே, தண்டனையைக் குறைக்க என்னால ஏலாது. சுற்றுநிருபம் சுற்றுநிருபம்தான். ஆனா அந்தப் பத்துப் பங்குக் கணக்கை விபரமா எழுதி அனுப்பும். அடுத்த போகத்துக்கு எல்லா நிலையத்துக்கும் எதிர்வுகூறலை அப்பிடித்தான் போடப் போறம்."

போட்டார்கள். அடுத்த செப்டெம்பரில் கிண்ணியாக் கூட்டத்துக்கு எனக்கு முத்திரை குத்திய அழைப்பு வந்தது. வாகனமும் வந்தது. அந்த முறை இரண்டு வெளிக்காரரும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள்.

இந்த வேலைக்கு வரும் இளைய அவதானிப்பாளர்களுக்கு நான் சொல்வது இது. எதிர்வுகூறலை விதைப்புக்கு முன் சொல்லுங்கள். எவ்வளவு தெரியும் என்பதைச் சொல்லும்போதே எவ்வளவு தெரியாது என்பதையும் சொல்லுங்கள். தெரியாத பங்குக்கு வீட்டில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று சொல்லாமல் கூட்டத்தை விட்டு எழும்பாதீர்கள்.

அனுமதியின்றிக் கடமையிலிருந்து விலகியதற்கு ஒரு நாள் சம்பளம், 287 ரூபாய். சம்பள உயர்வு ஒரு வருடம் நிறுத்தப்பட்டதில் மாதம் 110 வீதம், 1,320 ரூபாய். நிராகரிக்கப்பட்ட பஸ் காசு, போக வர 18 ரூபாய். கிண்ணியா வெளிக்கு மழை சொன்னதில் எனக்குப் போனது மொத்தம் ஆயிரத்து அறுநூற்று இருபத்தைந்து ரூபாய்.