கம்ப்யூட்டருக்கு நான் வைத்த பொட்டு

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். கோர்வையாக வராது, நடுநடுவே மறந்தும் போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒன்றை மட்டும் எழுதாமல் விடுவதாக இல்லை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்போது மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். தொண்ணூற்றேழோ, தொண்ணூற்றெட்டோ. மகன் ஆபீஸ் போய்விடுவான். மருமகள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்துக்காகப் பக்கங்கள் அமைத்துக் கொடுப்பாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் எல்லாம் அவள் கையில்தான் உருவாகும்.

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு வைப்பது என் வேலை. அவள் குக்கரை இறக்கிவிட்டு வருவதற்குள் அது தயாராக இருக்க வேண்டும். முதலில் ஸ்டெபிலைசர், அப்புறம் பெட்டி, அப்புறம் டிவி மாதிரி இருக்கும் மானிட்டர். கறுப்புத் திரையில் ஓர் எண் விறுவிறுவென்று ஏறும். சூடு வைத்த ஆட்டோ மீட்டர்கூட அப்படி ஏறாது. 32768 என்று வந்து நிற்கும். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். எதற்கு அந்த எண் என்று கேட்டதில்லை. கேட்கக் கூச்சம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், கம்ப்யூட்டர் வாங்கிய கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். பூஜைக்கு முன்னால் தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் போடுவோம் இல்லையா, அது போல இதையும் சுத்தம் செய்ய மகன் வரச் சொல்லியிருந்தான். பெட்டியைக் கழற்றிப் பிரஷ்ஷால் தூசி தட்டினார். உள்ளேயிருந்து சீப்பு மாதிரி இரண்டு பச்சைப் பட்டைகளை உருவி, பென்சில் ரப்பரால் அவற்றின் பல்லைத் தேய்த்துத் திரும்பச் சொருகினார். அதற்குள் இடுப்பில் பேஜர் கத்தியது. மூடியைப் போட்டுத் திருகை முடுக்கிக் கிளம்பிவிட்டார். ஒரு தடவை போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் பூஜை. யாரும் எந்த மிஷினையும் தொடவில்லை. நான் சந்தனம் குழைத்து, மேலே குங்குமமும் தொட்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கிரைண்டர், ஃபிரிட்ஜ், மகனுடைய ஸ்கூட்டர், கம்ப்யூட்டர் பெட்டி. துவரம்பருப்பு அளவு பொட்டு, அதுவும் வெளியேதான்.

விஜயதசமி காலையில் போட்டேன். எண் பாதியிலேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. என் கண்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பிடித்தது சனியன். ஒரு பக்கத்தைத் திருப்பச் சொல்லி மருமகள் அமுக்கினால், நான் போய் ஒரு கட்டுக் கீரை ஆய்ந்துவிட்டு வரலாம். பெட்டியில் சிவப்பு விளக்கு அணையவே அணையாது. உள்ளே கரகரவென்று சத்தம் வேறு.

மெக்கானிக் வந்தார். பெட்டியைத் திறக்கவே இல்லை. ஃபிளாப்பி போடும் வாய்க்கு மேலே நான் வைத்த பொட்டைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"இன்னா ஆயா, பூஜை பலமா? இவ்ளோ குங்குமம் கொட்டிக்கினா உள்ள பூந்துக்கும்ல? ஸ்லோ ஆவாம இன்னா பண்ணும்?"

மருமகள் முகம் சிவந்துவிட்டது. "அத்தை, நீங்க இனிமே இந்த ரூமுக்கே வர வேணாம். நானே போட்டுக்கறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதே பொட்டை வைத்துக்கொண்டு கிரைண்டர் ஓடவில்லையா? ஸ்கூட்டர் பாதி வழியில் நின்றதா? இதையெல்லாம் மனதுக்குள்தான் கேட்டேன். வாய் திறக்கவில்லை. அது என் சுபாவம்.

ஆனால் கண்ணை யாரும் மூட முடியாதே. மறுநாள் காலையில் அவள் போடும்போது, நான் கூடத்தில் நின்றபடியே திரையைப் பார்த்தேன். 16384. அடுத்த நாளும் அதேதான். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அந்த எண்ணை எழுதி, அதன் கீழேயே இன்னொரு தடவை எழுதிக் கூட்டினேன். 32768. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குங்குமம் அளந்து பார்த்துச் சரிபாதியைத் தின்னுமா?

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் மறுபடி வந்தார். போர்டே போயிருக்கும், பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போகிறேன் என்றார். மருமகள் தலையை ஆட்டினாள். நான் அறை வாசற்படியில் நின்று, "தம்பி, அதைத் திற" என்றேன்.

"ஆயா, இது அரிசி டப்பா இல்ல."

"தெரியும். ரெண்டு பச்சைப் பட்டை சொருகினியே, நம்பர் சரிபாதியாப் போச்சு. ரெண்டும் சரியா நிக்குதா பாரு." தாளை மருமகளிடம் நீட்டினேன். அவள் படித்தாள். பிறகு, "திறங்கண்ணா" என்றாள்.

திறந்தார். ஒரு பட்டை நேராக நின்றது. இன்னொன்று ஒரு பக்கம் எழும்பி, பல் பாதி வெளியே தெரிய, கோணிக்கொண்டு இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. போட்டதும் எண் நிற்காமல் ஏறி, பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. உள்ளே மருந்துக்குக்கூடக் குங்குமம் இல்லை.

மனிதர் வாயில் ஒரு மன்னிப்பு வரவேண்டுமே! "நீ தொடைக்கசொல்ல அசைஞ்சிருக்கும் ஆயா" என்றாரே பார்க்கலாம்.

"மூடி போட்டு நாலு திருகு முடுக்கினது நீ. நான் எந்த வழியாப்பா உள்ள பூந்து தொடைச்சேன்?"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம்தான் மருமகள் விளக்கினாள். அந்தப் பட்டைக்கு மெமரி என்று பெயராம். சமையல் மேடை மாதிரியாம். ஹார்டு டிஸ்க் என்பது சாமான் அடுக்கும் உள்ளறை. மேடை பாதியானால், ஒரு பாத்திரத்தை வைக்க இன்னொன்றை எடுத்துப்போய் உள்ளறையில் போட்டுவிட்டு வர வேண்டும். அந்த அலைச்சல்தான் கரகர சத்தமும் அணையாத விளக்கும். இதைச் சொன்னால் எனக்குப் புரியாதா? அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே எண்ணைச் சொல்லியிருப்பேனே!

"ஏன் அத்தை முன்னாடியே சொல்லல?" என்று அவள் கேட்டாள்.

"ரூமுக்கே வராதேன்னு சொன்ன. எங்க நின்னு சொல்றது?"

அவள் தலை குனிந்தது. மறுநாள் காலை சமையலறையிலிருந்தே, "அத்தை, கம்ப்யூட்டரைப் போட்டுடுங்க" என்று குரல் கொடுத்தாள். போட்டேன். மகன்தான், "ஏதோ லூஸ் கான்டாக்டாம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டான். அந்த ஒரு வரியும் சொந்தக்காரர்களிடம் போய்ச் சேரவில்லை. பொட்டுக் கதை மட்டும் திருச்சி வரைக்கும் போயிருக்கிறது.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் யாராவது நான் எழுதிய இரண்டு எண்களும் சரிதானா, பட்டையைப் பற்றிச் சொன்னது சரிதானா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். பொட்டை வெளியேதான் வைத்தேன். அதில் மட்டும் திருத்த ஒன்றும் இல்லை.