தங்கமுத்துவின் கிணற்று இன்ஜின்

அரிசிப்பாளையத்து மெக்கானிக் தோமினிக் என் சிநேகிதன். ஆனாலும் சொல்கிறேன், அவனைப் போலத் தலைக்கனம் பிடித்த ஆளை நான் சேலம் டவுனில் பார்த்ததில்லை. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களைத் துருவோடு வாங்கி வந்து ஓட வைப்பான். ஓடுகிற இன்ஜின் மேல் ஸ்குரூ டிரைவரை ஊன்றி, பிடியில் காதை ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வான். கார்புரேட்டர் திருகைக் கால் சுற்றுத் திருப்புவான். இருமிக்கொண்டிருந்த வண்டி சீராகிவிடும். "நம்ம கை பட்ட இன்ஜின் எதுவும் நின்னதில்ல" என்பான். அப்போதெல்லாம் நான் அதைக் கேட்டுச் சிரிப்பேன்.

அறுபத்தைந்தில் மழை ஏமாற்றிவிட்டது. சித்திரைக்கு முன்பே கிணறுகளில் அடி தெரிந்தது. பம்பு இருபது இருபத்தைந்து அடிக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் மேச்சேரிப் பக்கத்துக் குடியானவர் தங்கமுத்து, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் தன் சின்ன இன்ஜினைக் கயிறு கட்டி இறக்கி, கிணற்றுக்குள் நாற்பதடி ஆழத்தில் ஒரு பாறைத் திட்டில் வைத்தார். அங்கேதான் வம்பு தொடங்கியது.

"மேல வெச்சா நாள் பூரா ஓடுதுங்க. உள்ள வெச்சா அரை மணியில அணைஞ்சு போயிருதுங்க" என்று கடைக்கு வந்து சொன்னார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். தோமினிக்குக்கு முகம் சுருங்கியது. அந்த இன்ஜினை ஏற்கெனவே இரண்டு தரம் பிரித்துப் பூட்டியவன் அவன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று கிளம்பிப் போனான். காலையிலிருந்து மத்தியானம் வரை கிணற்றில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தான். பத்து நிமிஷம் கீழே திருகைத் திருப்புவான், தலைவலி தாங்காமல் மேலே வருவான், மறுபடி இறங்குவான். ஒரு தரம் வாந்தியும் எடுத்தான். வெயில் என்று நினைத்துக்கொண்டான். கடைசியில் காற்றோடு கலக்கும் மண்ணெண்ணெயைக் குறைத்துக் குறைத்து, அந்தக் கிணற்றுக் காற்றுக்கே இன்ஜினைப் பழக்கிவிட்டான். அது நிற்காமல் ஓடியது.

"நாளைக்குக் காலையில போட்டு நாலு மணிக்கு நிறுத்துங்க. சும்மா நிறுத்தக் கூடாது. எறங்கி, மண்ணெண்ணெய அடைச்சுட்டு, பெட்ரோல் குழாயத் தொறந்து, அஞ்சு நிமிஷம் ஓட விட்டு அப்புறம் நிறுத்தணும். இல்லாட்டி மறுநாள் கெளம்பாது" என்று சொல்லிக் கொடுத்தான். தங்கமுத்து அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.

மறுநாள் பெரிய வெள்ளி. கிறிஸ்தவர்கள் சுத்தியலைக்கூடத் தொடாத நாள். எனக்கோ, அவனிடம் பழுதுக்கு விட்டிருந்த என் மோட்டார் சைக்கிள் சனிக்கிழமை வேண்டும். அவனைப் பிடுங்கி எடுத்தேன். மாதா கோயில் சாமியார் காதில் விழுந்தால் தொலைந்தோம் என்று கடையின் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, கதவிடுக்கில் சாக்கும் அடைத்து, இரண்டரை மணிக்கு வண்டியைக் கிளப்பினான். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு இருமியது, புகை கக்கியது, நின்றது. திருகைத் திருப்பினான், ஓடியது, மறுபடி நின்றது. எனக்குத் தலை விண்ணென்று வலித்தது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அடுத்த உதையில் வண்டி கிளம்பி, யாரும் தொடாமலே சீராக ஓடியது.

தோமினிக் வண்டியைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நேத்தும் இதே வலிடா" என்றான். "இன்ஜின் மேல கோளாறே இல்ல. கிணத்துக் காத்துல விஷம். அது விட்ட புகைதான்." ஓடிக்கொண்டிருந்த வண்டியை வெளியே தள்ளினான். "நாலு மணிக்கு எறங்குவாரு."

மணி மூன்று. மேச்சேரிக்கு இருபத்தைந்து மைல். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். சாமியார் வீட்டு வாசல் வழியாகவே அலறிக்கொண்டு போனோம். ஓமலூர் தாண்டியதும் வண்டி சூடேறி இறுகி நின்றுவிட்டது. அது ஆறுவதற்குப் பதினைந்து நிமிஷம் புளியமரத்தடியில் நின்றோம்.

தங்கமுத்துவின் காட்டுக்கு வந்தபோது நாலே கால். வரப்பிலேயே இன்ஜின் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

"ஓடுது பாரு! இன்னும் எறங்கல" என்றேன்.

தோமினிக் நின்றுவிட்டான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இது மண்ணெண்ணெய்ச் சத்தம் இல்ல. பெட்ரோல்ல ஓடுது. எறங்கிக் குழாயத் தொறந்துட்டாரு" என்றான்.

கிணற்று மேட்டில் தங்கமுத்துவின் மனைவி மயிலம்மாள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இறங்கப் போன தோமினிக்கை நான் இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டேன். என் கையைக் கடித்தான், நான் விடவில்லை. பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நின்றது. பக்கத்துக் காட்டு ஆட்கள் வந்து, விஷக் காற்று கலைய வேப்பங்கொத்துகளைக் கயிற்றில் கட்டி வீசி வீசி இறக்கி, வெகு நேரம் கழித்துத்தான் அவரை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் தோமினிக் என்னையும் அழைத்துக்கொண்டு தங்கமுத்து வீட்டுக்குப் போனான். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகத்தான் பேச்சு. போனவன் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு அவன் மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வந்தது.

மயிலம்மாள்தான் பேசினார். "உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லீங்க சாமி. மூச்சடைச்சுப் போச்சு, அவரு விதி. இன்ஜின் ஒருக்காக்கூட நிக்கலீங்களே. பயிரு காயுது. நாளைக்கு நானே எறங்கிக் கெளப்பிடறேனுங்க. எப்படி நிறுத்தறதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

தோமினிக் நிமிர்ந்தான்.

"எறங்காதீங்கம்மா" என்றான். "அது நின்னு நின்னு போனதுதான் அவரக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. நான்தான் அத நிக்காம பண்ணிட்டேன்."