மயங்கிய சீமாட்டிக்கு ஒரு ஓட்டு

"எந்திரி கண்ணு, டீ ஆறிப்போவுது" என்று சுவரில் மயங்கிக் கிடக்கும் சீமாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் பெரில் என்ட்விசில் என்ற மூதாட்டி எதிர் பெஞ்சில் உட்காருவார். சீமாட்டி எழுந்ததில்லை. விக்டோரியா ராணி காலத்து ஓவியம். பட்டுப் பாவாடை தரையெல்லாம் விரிய, விசிறி நழுவ, பட்டப்பகலில் சாய்ந்து கிடக்கிறாள். ஒரு நாய்க்குட்டி மட்டும் கொஞ்சம் கவலைப்படுகிறது.

செவ்வாய்க்கிழமைதோறும் பெரில் அந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு வந்துவிடுவார். வெளியே வட இங்கிலாந்தின் லங்காஷயர் மழை, உள்ளே கதகதப்பு, காசும் கேட்பதில்லை. கட்டம்போட்ட தள்ளுவண்டிப் பையைக் காவலர் டெஸ்மண்டின் தலையில் கட்டிவிட்டு, முதலில் கீழ்த்தளத்தில் பழைய ஊர்ச் சாமான்களைப் பார்ப்பார். அங்கே தகரக் குளியல்தொட்டி பக்கம் யார் நின்றாலும் தொலைந்தார்கள்.

"இதே தொட்டிதான் எங்க வீட்லயும். அப்பா குளிச்ச தண்ணில அண்ணன், அண்ணன் குளிச்ச தண்ணில நான். அழுக்கு போச்சா வந்துச்சான்னு யாரு கண்டா?"

மாடியில் தங்கச் சங்கிலி போட்ட பழைய மேயர்களை அவர் மதிப்பதில்லை. எல்லோரும் படத்துக்காக வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார்களாம். சீமாட்டி விஷயம் வேறு. பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றே காலம் கழித்தவர் பெரில். ஒருநாள் டெஸ்மண்டிடம் சொன்னார்: "நான் ஒருநாள்கூட இப்படிப் பொத்துன்னு விழுந்ததில்ல, கண்ணு. விழ நேரமில்ல. எனக்கும் சேத்து அவ விழுந்து கெடக்கா."

அதனால்தான் அந்த அறிவிப்பு அவரை உலுக்கிவிட்டது. பக்கத்து அறைக் கூரை ஒழுகியதால் அங்கிருந்த மாட்டுப் படத்துக்கு இடம் வேண்டும். பெரிய சுவர் ஒன்றுதான். சீமாட்டியா, மாடுகளா? வருகிறவர்களே முடிவு செய்யலாம். ஆளுக்கொரு மரப் பொத்தான், படத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடி ஜாடி; பிடித்த படத்தின் ஜாடியில் போட வேண்டும். தோற்ற படம் நிலவறைக்குப் போகும்.

பெரில் களத்தில் இறங்கினார். பிங்கோ ஆட்டத் தோழிகள் அத்தனை பேரையும் திரட்டி, ஆளுக்கொரு ஸ்கோன் ரொட்டியும் ஜாமும் டீயும் வாங்கிக் கொடுத்து மாடிக்கு ஏற்றினார். தோழிகள் மாடுகளைப் பார்த்தார்கள். மூடுபனி, செம்பட்டை முடி, கண்ணை மறைக்கும் முன்மயிர். உருகிப்போய் வரிசையாக மாட்டு ஜாடியில் பொத்தானைப் போட்டார்கள்.

"தப்பா நெனைக்காத பெரில்" என்றாள் தோழி மாவிஸ். "அந்தம்மா அச்சு அசல் என் மருமக. பாத்திரம் கழுவுற நேரம் வந்தா இப்படித்தான் சாய்வா."

அந்த ஊரில் இதற்கெல்லாம் சண்டை போட மாட்டார்கள். "பரவால்ல, உங்க இஷ்டம்" என்றார் பெரில். அன்று மாலை பேருந்தில் தனி இருக்கையில் உட்கார்ந்து போனார். வீட்டுக்குப் போய் அழுதார். ஒரு படத்துக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மாடுகள் ஜெயித்தன. அடுத்த செவ்வாய் பெரில் வருவாரா என்று டெஸ்மண்டுக்கே சந்தேகம். வந்தார். நனைந்த கோட்டைக் கழற்றி மடித்தார். புதுப் படத்தை ஏறிட்டும் பார்க்காமல் பெஞ்சைச் சுற்றிப்போய், அதற்கு முதுகைக் காட்டி, வெறும் கதவைப் பார்த்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மெல்லத் தலையைத் திருப்பி, "மன்னிச்சுக்கங்க, உங்கமேல ஒண்ணும் கோவமில்ல" என்று மாடுகளிடம் சொல்லிவிட்டு, மறுபடி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.