பதினான்காம் நிமிடத்து மேடு

இது கட்டிச் சொன்ன கதையில்லை. அந்தக் கோடு விழுந்த தாள்கள் இன்றும் சுகிர்தத்தின் தகரப்பெட்டியில் இருக்கின்றன.

1982 ஒக்டோபர் 12, செவ்வாய். பிற்பகல் 3.40. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலை ஆய்வுகூடம். அங்கே உதவியாளராக இருந்த சுகிர்தம் வெறும் மெதனோலும் தண்ணீரும் கலந்து சோதனை இயந்திரத்தில் ஏற்றினாள். ஓடும் தாளில் அதன் பேனா நேர்கோடு போட்டிருக்க வேண்டும். பதினான்கு நிமிடம் கழித்து... ஒரு சிறு மேடு எழுந்து இறங்கியது.

இயந்திரத்தின் வேலை எளியது. பொடி இறுக்கிய உருக்குக் குழாய் ஒன்று. தேயிலைச் சாற்றையோ கொய்யாச் சாற்றையோ ஊசியால் ஏற்றினால், துவர்ப்புத் தரும் பொலிபீனோல்கள் அந்தப் பொடியைப் பற்றிப் பற்றி நகரும். இறுகப் பற்றுவது பிந்தி வரும். ஒவ்வொன்றும் தனக்குரிய நிமிடத்தில்தான் வெளியேறும். அப்போது பேனா ஒரு மேடு வரையும். பொருள் இல்லையென்றால் மேடும் இல்லை.

பொறுப்பதிகாரி ஞானரட்ணம் சிரித்தார். "ஊசியக் கழுவாம ஏத்தியிருப்பீங்க தங்கச்சி."

கழுவினாள். குழாயை மாற்றினாள். புதிய மெதனோல் போத்தல் திறந்தாள். அவர் ஏற்றினால் நேர்கோடு. அவள் ஏற்றினால் மேடு. அதுவும் 3.40க்கு ஏற்றினால் மட்டும்.

ஒரு நாள், மேடு எழும்போது வடிந்த துளியை முகர்ந்தாள்.

நாரத்தம் தோல்.

அந்த ஆய்வுகூடத்துக்குள் நாரத்தங்காய் வந்ததே இல்லை. வீட்டில், அம்மா காயவைத்துவிட்டுப் போன தோல் கொஞ்சம் இருந்தது. அவித்து, வடித்து, மறுநாள் காலை ஏற்றினாள்.

அதே பதினான்காம் நிமிடம்.

தோட்டத் தமிழரை இரு நாடுகளும் பங்கிட்ட ஒப்பந்தப்படி, அம்மா மரியநாயகிக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. மகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மேடு எழுவதற்கு முந்திய மாதம், செப்டெம்பரில், இந்தியாவுக்குப் போக ரயிலேறும் வழியில், அம்மா நாரத்தம் தோல் போட்ட சாயத்தண்ணியை, பால் சேராத தேநீரை, போத்தலில் கொண்டு வந்து ஆய்வுகூட வாசலில் நின்றாள். மெஷின் ஓடுது, அப்புறமா குடிக்கிறேன் என்று காவலாளியிடம் சொல்லியனுப்பினாள் சுகிர்தம். வெளியே போகவில்லை. மாலையில், ஆறிப்போனதைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள்.

நவம்பரில் கடிதம் வந்தது. மண்டபம் முகாமிலிருந்து. அம்மாவோடு கப்பலேறிய, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த வீரம்மா எழுதியிருந்தாள்.

"அம்மா போன மாசம் பன்னெண்டாந் தேதி தவறிட்டாங்க. மணிக்கூட்ட பாத்தேன், நாலடிக்க ஆறு நிமிசம் இருந்திச்சு. மக தேத்தண்ணி குடிச்சிச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாங்க."

3.54.

மூன்று நாற்பது... பதினான்கு நிமிடம்.

அன்று பிற்பகல் அவள் தோல் போட்டுச் சாயத்தண்ணி காய்ச்சினாள். இயந்திரத்தின் முன்னால் நின்று, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள்.

"குடிச்சிட்டேம்மா."

3.40. ஊசி.

3.54.

பேனா அசையவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே குடிக்காமல் ஏற்றினாள். அடுத்த நாளும். வாரம் முழுக்கவும். மேடு வரவில்லை.

ஒரு தடவை குடித்ததே போதுமாக இருந்தது.