சாமித்தட்டில் இருந்த அம்மோனைட்

காய்ந்த பாலின் புளித்த வாடையோடுதான் அந்தக் கல் எனக்கு நினைவுக்கு வரும். வெளிநாட்டுக்கு வந்த புதிதில் மோர்னிங்சைட்டில் அம்மாவும் நானும் இருந்த அப்பார்ட்மென்டில், ஹீட்டருக்கு மேலே அடித்திருந்த பலகைதான் எங்கள் "சாமித்தட்டு". ஆறாம் வகுப்பில் புதைபடிவங்களைப் பற்றிக் கட்டுரை எழுத ரீச்சர் ஆளுக்கொரு கல்லை ஒரு கிழமைக்குத் தந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது கடாக்கொம்புபோலச் சுருண்டு, வரிவரியாக விலா ஓடிய கறுத்த அம்மோனைட், கல்லாகிப்போன கடலுயிர் ஓடு. பெரிஸ்பிங்க்டிடே என்னும் குடும்பம், டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்து அடியோடு அழிந்தது என்று கூட வந்த சீட்டில் இருந்தது.

மேல்மாடி அன்ரி கண்டவுடன் கும்பிட்டார். "உது சாளக்கிராமம் எல்லே. உதைப் பிள்ளையளிட்டைக் குடுத்து விளையாட விடுறாங்களோ வெள்ளைக்காரர்?"

அன்றே கல் தட்டில் ஏறியது. எங்களிடம் வந்து சேர, களவாய் ஆளனுப்பும் ஏஜென்சிக்காரனோடு புறப்பட்ட அண்ணன் பாங்கொக்கிலிருந்து ஒருமுறை போன் எடுத்து, பிறகு எடுக்காமல் எட்டு மாதமாகியிருந்தது. முருகனுக்குக் கேட்காதது பெருமாளுக்காவது கேட்கட்டும் என்று அம்மா தினமும் பாலூற்றிப் பொட்டு வைத்தார். வெள்ளிக்கிழமை ரீச்சரிடம் திருப்பிக் கொடுக்கக் கல்லைக் கேட்டேன்.

"கொண்ணை வந்து சேரட்டும், பிறகு குடு."

ரீச்சரிடம் ஒரு பொய் சொன்னேன், அடுத்த கிழமை இன்னொன்று. கட்டுரைக்காக நூலகத்தில் எடுத்த புத்தகமோ, இமயமலை ஆற்றங்கரையில் பொறுக்கி இந்துக்கள் வழிபடும் கற்களுக்குள்ளும் இதே குடும்பத்தின் ஓடுகள் உண்டு என்றது. அன்ரி சொன்னது பிழையில்லை. எங்கள் வீட்டில் இங்கிலிஷ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், படிப்பதையெல்லாம் அம்மாவுக்குத் தமிழில் சொல்வது வழக்கம். பாறைப் படுகைகளில் மேலே போகப்போகக் காலம் பிந்தியது, ஒரு மட்டத்துக்கு மேலே இந்தக் குடும்பத்தின் ஓடு ஒன்றும் இல்லை, ஆனாலும் கடைசியாகக் கிடைத்ததுதான் கடைசியாக வாழ்ந்தது என்றில்லை, பிறகும் இருந்திருக்கலாம், நம் கையில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அம்மா அடுப்பை நிற்பாட்டினார்.

"அப்ப, காணேல்லை எண்டதுக்காக இல்லை எண்டு சொல்லேலாதோ?"

"ஏலாது."

"உது புத்தகத்திலை கிடக்கோ?"

"ஓம் அம்மா, கிடக்கு."

"அப்ப எனக்கு உது போதும்" என்றவர், பழைய பிரஷ்ஷால் விலாவிடுக்குக் குங்குமத்தைத் தேய்த்துக் கழுவி, கல்லைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தார். அழவில்லை. எனக்கும் ஏதும் தோன்றியதாக நினைவில்லை.

இப்போது வேறு வீட்டில், அஜக்ஸில் இருக்கிறோம். அன்ரி இல்லை, அந்தப் பலகையும் இல்லை. அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கமும் இருந்தது. மேலே மேலே எத்தனை படுகையில் தேடியும் வெறுமையாகவே இருந்தால், அழிந்தது என்றே எழுதிவிடுவார்களாம். அதை அம்மா கேட்கவில்லை. நானும் இன்றுவரை வாசித்துக் காட்டவில்லை.