ஹேஸ்டிங்ஸ் போரை எனக்குச் சொல்லித் தந்தவர்

நான் என் அப்பாவின் அறிவைத் திருடினேன். திருடியதைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடியே அது அவருடையதல்ல என்றேன்.

இரக்கப்படாதீர்கள். உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம்!

எங்கள் வீடு வன்னியில், மல்லாவியில். அப்பா மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். சிறுவயதில் கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர்தான்... வேறென்ன?

சென்ற ஆண்டு வவுனியாவில் ஒரு போட்டி. கணினி விளையாட்டில் ஒரு பழைய போரை நடத்தி, அதன் வரலாற்றை விளக்கவேண்டும். எனக்குக் கிடைத்தது இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் போர். குன்றின்மேல் கேடயங்களை நெருக்கிப் பிடித்து நிற்கும் படை என்னுடையது. கீழே, கடல் கடந்து படையெடுத்து வந்த நோர்மன்களின் குதிரைகள். பொழுதுபடும்வரை குன்றைக் காக்கவேண்டும்.

ஏழு முறை தோற்றேன். நோர்மன்கள் புறமுதுகிட்டு ஓடுவார்கள்; துரத்தச் சொல்லுவேன்; என் ஆட்கள் குன்றிறங்கியதும் அவர்கள் திரும்பி வந்து வெட்டிச் சாய்ப்பார்கள்.

வயலால் வந்த அப்பா மண்வெட்டியோடு பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"ஓடுறவன் பின்னாடி போகாத தம்பி. அவன் நெசமா ஓடல."

பக்கத்திலிருந்த என் சிநேகிதன் சிரித்தான். "உன்ர அப்பர் பெரிய தளபதியோடா?"

அப்பா பக்கம் திரும்பிக் கத்தினேன். "உங்களுக்கு என்ன தெரியும்? பேசாமப் போங்கோ அப்பா!"

அவர் போகவில்லை. "ஆனையும் இப்பிடித்தான். ஒண்ணு பயந்த மாதிரி காட்டுக்குள்ள ஓடும். வரப்புல வரிசையா நிக்கிற நாம அது பின்னாடி போனோம்னா, மத்ததெல்லாம் அந்த எடைவெளியால வயல்ல எறங்கிரும். நின்ன எடத்துல நிக்கணும்."

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

சிநேகிதன் எழுந்து போகும்வரை காத்திருந்தேன், கள்ளனைப்போல! பிறகு ஒருவனையும் நகரவிடாமல் விளையாடினேன். குன்று என்னுடையதாயிற்று. உண்மைப் போரில் துரத்தி இறங்கியவர்கள் மாண்ட கதை, வென்றபின்தான் திரையில் வந்தது.

போட்டியன்று அப்பா கடைசி வரிசைக் கதிரையில் இருந்தார். நடுவராயிருந்த ஆசிரியை கேட்டார்: "இந்தப் போர் கிடைச்ச எல்லாரும் துரத்தித்தானே தோத்தவை. துரத்தக்கூடாதெண்டு நீர் எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

அப்பா நிமிர்ந்தார். முகம் மலர்ந்து, உடனே வெட்கப்பட்டு, சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார்.

'அப்பா' என்ற ஒரு சொல் போதுமே... மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்திருக்கும். அந்த வெடித்த கால்களை, அந்தத் தோட்டத்துப் பேச்சை! அதற்குத்தான் பயந்தேன். ஆம், வெட்கப்பட்டேன். எழுதிவிட்டேன், போதுமா?

"ஒரு இங்கிலிஷ் புத்தகத்தில வாசிச்சனான் மிஸ்."

கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

திரும்பிவரும் பஸ்ஸில் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்; கணக்குத் தீர்ந்திருக்கும். அவரோ வியப்போடு கேட்டார்:

"ஆன வெரட்டுறத வெள்ளக்காரனும் எழுதி வச்சிருக்கானா தம்பி? அந்தப் பொஸ்தகத்த எனக்கு ஒருநா வாசிச்சுக் காட்டு."

"ஓம், வாசிக்கிறன்" என்றேன்.

என்னை ஏன் இப்படி நம்புகிறார்? அந்த நம்பிக்கையின்மேல் எனக்கு வரும் கோபம்... சீ! நானும் ஒரு மகனா?

நேற்றும் கேட்டார். நூலகத்தில் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன்.

"திருப்பிக் குடுத்ததும் மறக்காம எடுத்துட்டு வா" என்றார். "நம்ம வயக்காரங்களையும் கூப்புடுறேன். எல்லாருமா ஒக்காந்து கேப்போம்."