குழாய்க்குக் குளிருமா?

போன வாரம் எனக்குக் காய்ச்சல் இல்லை. ஆனாலும் உடம்பெல்லாம் நடுக்கம். எங்கள் ஊர் பாசிர் கூடாங்கில் வெயில் மண்டையைப் பிளக்கிறது... நானோ கைபேசியில் கனடா குளிரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

என் மகள் ஷீலா அங்கேதான் இருக்கிறாள். பழைய வாடகை வீடு. கையில் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. மருமகன் வேலையாக வெளியூர் போன இடத்தில் பனிப்புயல் - ரோட்டை மூடிவிட்டார்கள். துணைக்கு நான் போயிருக்க வேண்டும். விசா வந்தால்தானே?

காலையில் எழுந்ததும் வானிலையைப் பார்த்தேன். அவளுக்கு அது முந்தின நாள் சாயங்காலம். வெப்பநிலை ஒரு டிகிரி. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘உணர்வது மைனஸ் ஏழு’. உடனே போன் போட்டேன்.

“ஷீலா, அங்க மைனஸ் ஏழாமே! பைப்பைக் கொஞ்சம் திறந்து வை. தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கட்டும். உறைஞ்சு வெடிச்சிடப் போகுது!”

“அம்மா, அந்த மைனஸ் ஏழு நம்ம தோலுக்கு லா. காத்து அடிச்சா உடம்புச் சூடு சீக்கிரம் போயிடும், அதான் அப்படித் தெரியுது. வெளியில ஒரு டிகிரின்னா, எவ்வளவு காத்து அடிச்சாலும் பைப் அதுக்குக் கீழ போகாது.”

“நிஜமாவா?”

“நம்ம வீட்டுல நாள் பூரா ஃபேன் ஓடுதே... ரூம்ல இருக்கிற அலமாரி ஐஸ் ஆயிடுச்சா?”

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. நான் போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் மறுபடி பார்த்தேன். இப்போது பொடி எழுத்து இல்லை, பெரிய எழுத்தே மைனஸ் பன்னிரண்டு! காற்றும் நின்றபாடில்லை. அங்கே நள்ளிரவு. கூப்பிட்டால் குழந்தை எழுந்துவிடும். கூப்பிடாவிட்டால்...? போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். “விடும்மா, அவ பாத்துப்பா” என்றார் அவர். அன்று சோறு இறங்கவில்லை.

சாயங்காலம், அங்கே விடிகிற நேரம், அவளே வீடியோவில் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, கிச்சன்ல தண்ணி வரலை. பாத்ரூம்ல வருது, இங்க மட்டும் வரலை.”

“சிங்க்குக்குக் கீழ கதவைத் திறந்து கையை விட்டுப் பாரு.”

திறந்தாள். “அலமாக், ஐயோ! காத்து ஊதுதும்மா!”

குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஓட்டை. காற்று அதன் வழியாக வெளிக்குளிரை நேராகக் குழாயின் மேல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது. வீட்டுக்குள் இருந்த கதகதப்பு அந்த சிங்க் அலமாரிக்குள் எட்டவே இல்லை.

வாடகைக்கு விட்ட வீட்டு ஓனரிடம் ஏற்கெனவே பேசியிருந்தாள். குழாயைத் திறந்து வைத்து, ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடு காட்டச் சொன்னாராம். குழாய் விரிசல் விட்டிருந்தால் ஐஸ் உருகும்போதுதான் தெரியும், தண்ணீரை அடைக்கிற மெயின் வால்வ் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள் என்றும் சொன்னாராம்.

ஓட்டையில் துண்டை அடைத்தாள். போனை சிங்க் பக்கம் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். டிரையர் சத்தம். அதற்கும் மேலே குழந்தை அழுகிற சத்தம். இங்கே நான் என்ன செய்ய? செபமாலையை உருட்டினேன். காலையில் சிரித்த மனுஷரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

எவ்வளவு நேரமோ. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பிறகு ‘புஸ்’ஸென்று ஒரு இருமல்... தண்ணீர்! ஷீலா சிங்க்குக்குக் கீழே தலையை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“ஒழுகலைம்மா.”

செபமாலையைக் கீழே வைத்தேன். ஷீலா எழுந்து உட்கார்ந்தாள். “நான் சொன்னது சரிதாம்மா. ஆனா ஜீரோவுக்குக் கீழ போயிட்டா காத்து சும்மா இருக்காது. ஓட்டை இருந்தா வேலையைக் காட்டிடுது. நீங்க சொன்னப்பவே திறந்து வச்சிருக்கலாம்.”

ஆக, என் கணக்கு தப்பு, பயம் சரி. எத்தனை வீடுகளில் இதே கதையோ!

குழந்தைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டாள். போனை அதன் பக்கம் திருப்பி வைத்தாள். “ராத்திரி பூரா தூங்கலைம்மா. கட் பண்ணாதீங்க. கொஞ்ச நேரம் பாப்பாவைப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

கடல் தாண்டி இருக்கிற பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்காதீர்கள்... கண்ணை எடுக்காமல் பார்த்தேன், அவ்வளவுதான்.